வண்ணக்கர் முதல் பாதை வரை: நம் மட்டக்களப்புப் பக்கத்துச் சொற்களால் நேர்ந்தவை

கொக்கட்டிச்சோலையிலிருந்து:

பல்கலைக்கழகத்தில் புறநானூறு படித்துக்கொண்டிருந்தோம். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்றொரு புலவர் பெயர் வந்தது. வண்ணக்கன் என்றால் நாணயத்தின் தரம் பார்ப்பவன் என்று விளக்கிய விரிவுரையாளர், அது எப்போதோ வழக்கொழிந்த சொல் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகப் பார்த்தார். "ஐயா, எங்கள் ஊரில் வண்ணக்கர் இருக்கிறார். போன கிழமைதான் கோயில் கூட்டத்துக்கு வரச்சொல்லி அப்பாவுக்கு ஆளனுப்பினார்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. வண்ணக்கர் என்ன செய்வார், எந்தக் குடியிலிருந்து வருவார், எப்படித் தெரிவாவார் என்று மணியடிக்கும் வரை என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கத்துக் கோயில்களின் நிர்வாகத்தைப் பார்ப்பவரே வண்ணக்கர். காசு பார்க்கத் தெரிந்தவன் கையில் கோயிற் பொக்கிஷத்தைக் கொடுத்திருப்பார்கள், பெயரும் கூடவே வந்திருக்கும் என்பது என் ஊகம். உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

வெல்லாவெளியிலிருந்து:

தஞ்சாவூர் நண்பர் ஒருவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். "நேற்று இரவு யானை வந்து வேளாண்மையைத் தின்றுவிட்டது" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு மெல்ல, "வேளாண்மையை எப்படித் தின்னும்?" என்று கேட்டார். அவருக்கு வேளாண்மை என்பது ஒரு தொழில், ஓர் அரசுத் துறை. நமக்கோ வயலில் நிற்கும் நெற்பயிர். அதை விதைக்கலாம், வெட்டலாம், யானைக்குப் பறிகொடுக்கலாம். திருவள்ளுவரிடம் போனால் 'விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு' என்கிறார். அங்கே அது உபகாரம். எங்கள் யானைக்கு அந்தக் குறள் தெரிந்திருக்க வேண்டும்.

அவரே பிறகு அறுவடைக் காலத்தில் இங்கு வந்தார். வெட்டிய கதிரைக் கட்டி அடுக்கியிருந்த குவியலைக் காட்டி, "இதுதான் சூடு" என்றேன். கைவைத்துப் பார்த்தார், சுடவில்லை. கதிர் உள்ளே, தாள் வெளியே என்று வட்டமாக அடுக்கி, மேலே போகப்போகக் கூம்பாக்கி முடிப்பார்கள். மழை பெய்தாலும் தண்ணீர் தாள்வழியே வழிந்துவிடும், நெல்மணி நனையாது. மாலையில் அவரே கைப்பேசியில் தேடி, பொருநராற்றுப்படையில் 'சூடு கோடாகப் பிறக்கி' என்று வருவதைக் கண்டுபிடித்தார். காவிரிக்கரை வயலைப் பாடிய பாட்டு! காவிரிக்கரைக்காரர் அந்தச் சொல்லை மட்டக்களப்பு வயலில் வந்து கேட்க வேண்டியிருந்தது. அவருக்கு அது பெரிய மனக்குறை.

சூடடிக்கும் களமான களவெட்டியில் நின்று நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். சிறுவயதில் வாய்தவறிச் சொன்னால் அப்பா முறைக்கும் முறைப்பில் அடுத்த சொல் வராது. இப்போது வெட்டும் இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துச் சாக்கில் கொட்டிவிடுகிறது. சூடும் இல்லை, களவெட்டியும் இல்லை, முறைக்க ஆளும் இல்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

உம்றாவுக்குப் போயிருந்தபோது மக்காவில் காயல்பட்டினத்துப் பெண்மணி ஒருவர் எங்கள் அறைக்கு அடுத்த அறையில் இருந்தார். அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை, நான் பேசியதில் பாதி அவருக்குப் புரியவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "இந்தச் சோற்றுக்குப் புளியாணம் இருந்தால் போதும்" என்று பெருமூச்சு விட்டார். "ராத்தா, நீங்களும் ஆணம் என்றா சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். அதன்பிறகு இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவே இல்லை. கொழும்பு விடுதியில் என்னோடு இருந்த பிள்ளைகள் ஆணம் என்றால் ஏதோ அரபுச் சொல் என்று நினைத்திருந்தார்கள். அது அச்சொட்டான தமிழ்; பழைய அகராதிகளில் குழம்பு என்ற பொருளோடு இருக்கிறது. கலியாண வீட்டில் எங்கள் பெண்கள் இடும் குரவையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணகியம்மன் சடங்கில் தமிழ்ப் பெண்கள் இடுவதும் அதே குரவைதான். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை கைகோத்து ஆடிய கூத்து. இங்கே ஆட்டம் போய் ஒலி மட்டும் நின்றுவிட்டது.

மட்டக்களப்பு நகரிலிருந்து:

எல்லாரும் சங்ககாலத்துக்கே ஓடுகிறீர்கள். நம் பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது என்று செக் அறிஞர் கமில் சுவலபில் எழுதியதை வைத்துக்கொண்டு நெடுங்காலமாக மார்தட்டுகிறோம். தட்டலாம், தவறில்லை. ஆனால் நான் அரச எழுதுவினைஞராக இருந்தவன், எனக்குக் கிடைத்த அனுபவம் வேறு.

ஒருநாள் முதியவர் ஒருவர் வந்து, "தம்பி, காணிக் கந்தோர் எது?" என்று கேட்டார். புதிதாக வந்த பையன் விழித்தான். கந்தோர் அவனுக்குத் தெரியாது, அலுவலகம்தான் தெரியும். அந்தச் சொல் ஒல்லாந்தர் விட்டுப்போனது. நமது கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், பெயர்களை விட்டுவிட்டார்கள். பெரியவரைக் கதிரையில் இருக்கச் சொன்னேன்: போர்த்துக்கேயம். நொத்தாரிசு (பத்திரம் எழுதுபவர்) எழுதிய காணி உறுதியை நீட்டினார்: ஒல்லாந்தம். அதன் பிரதியை அலுமாரியில் தேடி, கடைசியில் மேசை லாச்சியில் (இழுப்பறையில்) கண்டெடுத்தேன்: அலுமாரியும் மேசையும் போர்த்துக்கேயம், லாச்சி ஒல்லாந்தம். இத்தனையும் நடந்த இடம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். அது வடஇந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்த சொல். பெரியவர் பேசியது மட்டும் பிசகில்லாத மட்டக்களப்புத் தமிழ். பழஞ்சொல் என்றால் இவற்றையும் எழுதுங்கள். சூடு போல இவையும் நம் கண்முன்னேதான் போய்க்கொண்டிருக்கின்றன.

குருமண்வெளியிலிருந்து:

நகரத்து ஐயா சொல்வது நியாயம். என் பங்குக்கு ஒன்று. மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். அந்தப் பக்கம் படுவான்கரை, சூரியன் படும் பக்கம். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு உடனே பிடித்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். கொழும்பிலிருந்து கணக்காய்வுக்கு வந்த ஒருவர் மண்டூருக்குப் போக எங்கள் துறையடியில் வந்து நின்றார். "பாதை அக்கரையில் நிற்கிறது, இப்போது வந்துவிடும்" என்றேன். என்னையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்தார். இங்கே பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் மிதவை என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சற்று நேரத்தில் பாதை வந்தது. ஏறும்போது, "போன மாதம் பாதை பழுதாகிக் கரையில் கிடந்தது, இப்போது திருத்திவிட்டார்கள்" என்று பக்கத்தில் நின்றவர் ஆறுதல் சொன்னார். கணக்காய்வாளர் அதையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.