எஸ் ஏ எல் ஈ எம்: மீல்ஸ் செல்லும், மீஸில்ஸ் செல்லுமா?

சூரமங்கலம்:
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டு. போர்டில் எங்க ஊர் சேலத்தின் பெயர்: எஸ், ஏ, எல், ஈ, எம். கேள்வி, "இதே எழுத்துகள் உள்ள வேறு வார்த்தைகளை எழுது." மீல்ஸ், மேல்ஸ், லேம்ஸ் மூன்றும் வந்தன. ஒரு பிள்ளை மட்டும் தட்டம்மைக்கு உள்ள மீஸில்ஸை எழுதியிருக்கிறது. நடுவர் இரண்டு பேர். ஒருவர் மார்க் போடலாம் என்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார். இங்கே என்ன சொல்றீங்க?

அஸ்தம்பட்டி:
கூடாது. மீஸில்ஸ் ஏழு எழுத்து: எம்-ஈ-ஏ-எஸ்-எல்-ஈ-எஸ். ஈ இரண்டு, எஸ் இரண்டு. எழுத்தட்டை வைத்து ஆடியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கையில் ஒரே ஒரு ஈ இருக்கும்போது இரண்டாவதுக்கு எங்கே போவது?

சந்தேகம் வந்தால் சோதிக்க ஒரே வழிதான். இரண்டு வார்த்தையின் எழுத்துகளையும் ஏ முதல் இசட் வரை வரிசைப்படுத்துங்க. மீல்ஸ்: ஏ-ஈ-எல்-எம்-எஸ். சேலம்: ஏ-ஈ-எல்-எம்-எஸ். ஒரு எழுத்து பிசகினாலும் தப்பு.

செவ்வாய்பேட்டை:
கேள்வியை இன்னொரு தரம் படிங்க சார். "இதே எழுத்துகள் உள்ள" என்றுதான் இருக்கு, எத்தனை முறை என்று இல்லை. மீஸில்ஸில் ஐந்தும் இருக்கு, ஆறாவதாக ஒரு புது எழுத்து நுழையவில்லை. சீம்லெஸ்ஸும் அப்படியே: எஸ்-ஈ-ஏ-எம்-எல்-ஈ-எஸ்-எஸ். எழுத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கலாம் என்கிற ஆட்டம் உலகம் பூரா ஆடுறாங்க.

உங்க விதியில் என்ன கிடைச்சது, பாருங்க. மீல்ஸ், மேல்ஸ், லேம்ஸ், மூன்றுக்கும் வாலில் எஸ். எஸ்ஸை எடுத்துட்டா ஏ-ஈ-எல்-எம் என்ற நாலெழுத்து ஆட்டம்தான் மிச்சம். வாசலில் "மீல்ஸ் ரெடி" பலகை தொங்காத ஓட்டல் இந்த ஊரில் உண்டா? அதைப் பார்த்து எழுதினவனுக்கு மார்க், மூளையைக் கசக்கி மீஸில்ஸ் பிடிச்ச பிள்ளைக்கு முட்டையா?

அஸ்தம்பட்டி:
எஸ் வால் விஷயத்தை ஒப்புக்கறேன். அது வார்த்தையைத் தேர்ந்தெடுத்ததில் வந்த கோளாறு, விதியில் இல்லை. எஸ்ஸில் முடியாத வார்த்தையாகப் போடணும். நம்ம ஊர்ச் சரக்கே போதும்.

மேங்கோ: எம்-ஏ-என்-ஜி-ஓ. விடை அமங்: ஏ-எம்-ஓ-என்-ஜி. இது ஏன் சட்டென்று வராது தெரியுமா? பிள்ளைகள் எப்பவும் மெய்யெழுத்தில்தான் வார்த்தையை ஆரம்பிப்பாங்க. "உயிரெழுத்தை முதலில் வைத்துப் பார், என், ஜி இரண்டு எழுத்தையும் ஒட்டிக் கடைசியில் தள்ளு" என்றால் விழுந்துடும்.

ஸ்டீல்: எஸ்-டீ-ஈ-ஈ-எல். விடை ஸ்லீட், பனியும் மழையும் கலந்து விழுவது. இங்கேதான் உங்க விதி சறுக்குது. திரும்ப வருவதைக் கணக்கில் எடுக்காவிட்டால் எல்-ஈ-டீ-எஸ், அதாவது லெட்ஸ்கூட ஸ்டீலுக்குச் சமம். ஐந்தும் நாலும் ஒன்றா?

நாகலூர்:
ஏற்காட்டு மலையிலிருந்து ஒரு குறுக்கீடு. எந்த விதி வைத்தாலும் விடையை வாயால் சொல்ல விடாதீங்க. ஏரிக்கு உள்ள லேக்கைப் போட்டால் கேல் கீரையும் வரும், ஒழுகுவதற்குள்ள லீக்கும் வரும். ஆனால் வெங்காயச் சாதியில் ஒரு லீக் இருக்கு, அதில் ஈ இரண்டு, ஏ கிடையாது. காதுக்கு இரண்டும் ஒன்று. இந்த இழையையே தமிழில் எழுதுவதால் டீயா டியா என்று எத்தனை பேர் தடுமாறப் போறாங்களோ!

ஏற்காட்டு ஆரஞ்சையும் சேர்த்துக்குங்க. அதே ஆறெழுத்தில் ஆனஜர், ஒரு வகைக் காட்டுக்கழுதை: ஓ-என்-ஏ-ஜி-ஈ-ஆர். எட்டாம் வகுப்புக்கு அது அதிகம்தான்.

சூரமங்கலம்:
அட்டை எப்படிச் செய்யறது?

அஸ்தம்பட்டி:
பழைய கல்யாணப் பத்திரிகை போதும். 3 செ.மீ. சதுரமாக வெட்டி, பெரிய எழுத்தில் மட்டும் எழுதுங்க. சின்ன எழுத்தில் பி, டி, கியூ எல்லாம் திருப்பினால் ஒன்று இன்னொன்றாகிடும். பெரிய எழுத்திலும் எம் கவிழ்ந்தால் டபிள்யூ, என் படுத்தால் இசட். அதனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கோடு. மேசையில் வரிசையாக வைக்காதீங்க, வட்டமாக வைங்க. வரிசையில் இருந்தால் கண் பழைய வார்த்தையையே படிச்சுட்டிருக்கும்.

சேலத்தை விட மனசில்லை என்றால் ஒரு அட்டை கூடக் கொடுங்க. சி வந்தால் கேமல்ஸ். எஃப் வந்தால் ஃப்ளேம்ஸ். ஒய் வந்தால் மீஸ்லி. பி-யில் சாம்பிள், மேப்பிள்ஸ் இரண்டும். டாக்டர் டி-யில் மெடல்ஸும் டாம்சலும், குடிக்கிற டீயில் மெட்டல்ஸ்.

செவ்வாய்பேட்டை:
இந்தப் பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறதுதான் விளையாட்டா? 2015-இல் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சு ஸ்கிராபிள் (எழுத்தட்டையில் வார்த்தை கோக்கும் ஆட்டம்) உலகப் பட்டத்தை வாங்கினார். பிரமாதம்தான், ஆனால் பிள்ளைகள் இங்கிலீஷ் கற்க அது வழியில்லை.

அஸ்தம்பட்டி:
மனப்பாடம் வேண்டாம், வார்த்தையை உடைக்கத் தெரியணும். ஐந்தெழுத்தை 120 விதமாக அடுக்கலாம், பொறுமை இருந்தால் முடிச்சுடலாம். நம்ம மலையடிவாரத்தில் வெட்டும் வெள்ளைக்கல், மேக்னசைட், ஒன்பது எழுத்து. ஈ இரண்டு இருப்பதால் 1,81,440 அடுக்கு. கலைத்துப் போட்டுப் பார்த்தால் ஆயுசு போதாது. உடைங்க: எம்-ஏ-ஜி-என்-ஈ முன்னால் நிற்கட்டும், கடைசி ஈயும் அசையவேண்டாம். நடுவில் எஸ்-ஐ-டீ. அந்த மூன்றை மட்டும் பின்னிருந்து படிங்க, டீ-ஐ-எஸ். மேக்னடைஸ்! கல்லைத் தொட்டுக் காந்தமாக்கியாச்சு.

இன்னொன்றும் உண்டு, ஜெமினேட்ஸ். ஏற்காடு "ஏற்காட்டில்" ஆகும்போது ட் இரட்டிக்குதே, அந்த இரட்டித்தல்தான். வாலில் ஏ-டீ-ஈ-எஸ் கட்டி வைத்தால் மிச்சம் தானாக வரும்.

செவ்வாய்பேட்டை:
நல்லாத்தான் இருக்கு. ஆனால் மேக்னடைஸை இசட் போட்டு எழுதுற அகராதி கையில் இருந்தால் உங்க கல் கல்லாவேதான் கிடக்கும். எந்த அகராதி என்று முதலிலேயே சொல்லணும்.

அஸ்தம்பட்டி:
சரியான பேச்சு. எஸ் போடுற பிரிட்டிஷ் வழக்கு என்று போர்டிலேயே எழுதிடணும்.

சூரமங்கலம்:
கேள்வியில் ஓட்டை இருந்தது எங்க தப்பு, அதனால் மீஸில்ஸுக்கு மார்க் போட்டாச்சு. அடுத்த ஞாயிறு போர்டில் "ஒவ்வொரு அட்டையும் ஒரே முறை" என்று இருக்கும். முதல் வார்த்தை மேங்கோ.

செவ்வாய்பேட்டை:
எல்லா அட்டையும் தீரணும் என்றும் சேர்த்து எழுதுங்க. இல்லாவிட்டால் ஒருவன் மேன் என்று மூன்றெழுத்தை வைத்துட்டு மார்க் கேட்பான், நான் அவன் கட்சி.