ப்ராடோரின் அடியில் நின்றபோது

கியூபெக்கில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றை ஒட்டிய லிலே ஊர் அருங்காட்சியகத்தில் கனடா கடற்படையின் சோதனைக் கப்பல் ‘ப்ராடோர்’ கரையேறி நிற்கிறது. போன கோடையில் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் நின்றவர்.

போட்டோவில் பார்த்தால் மேல்தளம்தான் கண்ணில் படும். நேரில் பார்வை நேராக அடிவயிற்றுக்குப் போகிறது. கப்பல் 46 மீட்டர் நீளம். அதன் கீழே எஃகு இறக்கைகள், சாய்வாக, விளிம்பு மெலிந்து. வேகமெடுத்தால் இவைதான் மொத்த உடலையும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதனால் இத்தனை சின்ன இறக்கையே போதும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து இறக்கை கூடுதலாக முங்கும், தூக்குவிசை ஏறும், கப்பல் தானாக நிமிரும். படத்தில் எத்தனையோ தடவை படித்த விஷயம்தான். அந்தச் சாய்வை நேரில் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

1969 சோதனை ஓட்டத்தில் இது 63 நாட் தொட்டது, அதாவது மணிக்கு 117 கிலோமீட்டர். சொன்னதும் மாமா திரும்பிப் பார்த்தார்.

“இவ்வளவு ஓடினதை ஏன் மாப்ள கரையில ஏத்திட்டாங்க?”

இறக்கையில் விரிசல் விழுந்த கதையைச் சொன்னேன். நிக்கல் கலந்த, மிகமிக உறுதியான எஃகு அது. உப்புத்தண்ணீர் படாமலிருக்க மேலே ரப்பர் பூச்சு போட்டிருந்தார்கள், பூச்சு தாங்கவில்லை. நடு இறக்கைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. மாற்றிப் போட்டார்கள், மறுபடியும் விரிசல்.

மாமா குனிந்து, இறக்கை தூணோடு சேரும் மூலையையே ரொம்ப நேரம் பார்த்தார். “ஹார்டான இரும்பு சுமையைத் தாங்கும் மாப்ள. ஆனா ஒரு மயிரிழை கிராக் விழுந்தா நிக்காம ஓடும். அதுவும் மூலையில, உப்புத்தண்ணியில...”

கடற்படையின் தேவைகளும் அதற்குள் மாறிவிட்டன. 1971-ல் திட்டத்தையே நிறுத்தினார்கள். நீர்மூழ்கிகளை வேட்டையாட வந்த கப்பல், ஓர் ஆயுதம்கூடப் பொருத்தாமலே ஓய்ந்தது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

ப்ராடோர் என்பது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள ஏரியின் பெயர். 1919-ல் கிரகாம் பெல்லும் கேஸி பால்ட்வினும் உருவாக்கிய ஹெச்டி-4 என்ற இறக்கைப் படகு அங்கேதான் மணிக்கு 114 கிலோமீட்டரில் பறந்தது. அரை நூற்றாண்டு கழித்து, அந்த ஏரியின் பெயர் தாங்கிய கப்பல் மணிக்கு மூன்றே கிலோமீட்டர்தான் கூடுதலாக ஓடியிருக்கிறது. ஆனால் இதன் எடை 200 டன்னுக்கும் மேல்.

கிளம்பும்போது மாமாவைக் காணோம். தேடினால், இன்னொரு பக்கத்து இறக்கையடியில் குனிந்து நிற்கிறார்.