சோகப் பாட்டே இல்லை, ஆனாலும் அழுதேன்: உங்கள் அனுபவம் என்ன?

வடக்குவீதி:

படத்தில் அம்மா சாகிற காட்சிக்கு அழுவது வேறு. அங்கே கதையே அழ வைத்துவிடும், பாட்டு துணைக்கு வரும், அவ்வளவுதான். நான் கேட்பது அதை இல்லை. துக்கத்துக்கென்று போடாத இசை, சொல்லே இல்லாத இசை, கொண்டாட்டமான இசை, இப்படி எதையாவது கேட்டு உங்களுக்குக் கண்ணில் நீர் வந்ததுண்டா?

எனக்கு மல்லாரி. கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். உற்சவத்தில் சாமி புறப்படுவதற்கு முன் தவிலில் அலாரிப்பு வாசிப்பார்கள். அது முடிந்ததும் நாதஸ்வரத்தில் கம்பீர நாட்டை ராகம் எழும்பும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. பொருள் சொல்லி உருக்க அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. சாமி வெளியே வருகிறார், வழிவிடுங்கள் என்று ஊருக்கு அறிவிக்கிற இசை. நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி, தீர்த்தவாரிக்குத் தீர்த்த மல்லாரி என்று வேளைக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் இருப்பது மிடுக்குதான். முதலில் நிதானமாக ஒரு சுற்று. பிறகு அதையே இரண்டாம் காலத்தில் எடுக்கும்போது தவில் கனத்துச் சேர்ந்துகொள்ளும், சீர்பாதக்காரர்கள் பல்லக்கைத் தோளுக்கு ஏற்றுவார்கள். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். வருஷா வருஷம் இதேதான்.

பக்தி என்று சொல்லிவிடலாம். ஆனால் என் பெரியப்பாவை என்ன சொல்வது? கடைசி வரை கறுப்புச் சட்டைக்காரர். கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. மல்லாரி வாசிக்கிற நேரத்துக்கு மட்டும் கோபுரத்துக்கு எதிரே இருந்த டீக்கடை வாசலில் வந்து நிற்பார். கண் கலங்கியிருக்கும், துடைக்கவும் மாட்டார். ஒரு தடவை கேட்டேவிட்டேன். "சாமிக்கா வாசிக்கிறாங்க? தெருவுக்கு வாசிக்கிறாங்கடா" என்றார்.

நாதஸ்வரமே வெளிக்காக உண்டான வாத்தியம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள், அதுவும் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த, பல காலம் காய்ந்த மரமாகப் பார்த்து. கல் மண்டபத்துக்குள் நின்று அதைக் கேட்டால் மார்புக் கூடு அதிர்வது தெரியும். ஒலிப்பதிவில் அந்த அதிர்வு பாதிகூட வருவதில்லை. கேட்காதவர்கள் தஞ்சைப் பக்கம் ஏதாவது ஓர் உற்சவத்துக்குப் போய் வாசலோரம் நின்று கேளுங்கள்.

சரி, உங்கள் அனுபவம் சொல்லுங்கள்.

பனங்கூடல்:

வடக்குவீதி அண்ணா, என்னிடம் இருப்பது ஒரு செத்தவீட்டுக் கதை. செத்தவீட்டில் அழுவதில் என்ன புதினம் என்று நினைப்பீர்கள். நான் அழுதது பாட்டில் இருந்த மகிழ்ச்சிக்கு.

யாழ்ப்பாணத்துச் சைவர்களின் இறுதிக் கிரியையில் சுண்ணம் இடிப்பது ஒரு பகுதி. உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டு உலக்கையால் இடிப்பார்கள். இடிக்கும்போது ஒருவர் திருவாசகத்தில் உள்ள திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து நிற்பார்கள். அம்மம்மாவின் செத்தவீட்டில் நானும் பந்தம் பிடித்தேன், சின்னப்பிள்ளை. பாட்டு காதில் விழுந்ததே தவிரப் பொருள் ஏறவில்லை. புகையும் எரிகிற நெய்யின் மணமும்தான் மனதில் தங்கியது. அதற்குப் பிறகு அந்த மெட்டு எங்கே கேட்டாலும் எழும்பிப் போய்விடுவேன். எங்கள் ஆட்களில் பலருக்கு இப்படித்தான். பொற்சுண்ணம் என்றாலே சாவு.

அப்பா போனது டொரொன்டோவில். இங்கே செத்தவீடு எல்லாம் வீட்டில் இல்லை, அதற்கென்று இருக்கிற மலர்ச்சாலையில்தான். நேரம் குறித்துத் தருவார்கள், அதற்குள் கிரியை, அஞ்சலி உரை, பார்க்க வந்தவர்களின் வரிசை எல்லாம் முடிய வேண்டும். அதுவரைக்கும் நான் அழவில்லை. தொலைபேசி, படிவங்கள், மரண அறிவித்தல், யார் யாரை விமான நிலையத்தில் ஏற்றுவது என்று ஓடிக்கொண்டே இருந்தேன். கிரியை தொடங்கியபோதும் அடுத்த அலுவல் என்ன என்பதிலேயே மனம் நின்றது.

சுண்ணம் இடிக்கும் நேரம் வந்தது. கிரியை செய்ய வந்த ஐயா கொண்டுவந்திருந்த உரல் சின்னது. தம்பி உலக்கையைப் பிடித்தான். பாட வந்தவர் தொடங்குவதற்கு முன் ஒலிவாங்கியில், "சொல்லைக் கவனிச்சுக் கேளுங்கோ" என்று மட்டும் சொன்னார். வேறு விளக்கம் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் கேட்டேன்.

முத்துமாலையும் பூமாலையும் தூக்குங்கள், முளைக்குடம் வையுங்கள், தூபமும் தீபமும் வையுங்கள். அப்படித்தான் தொடங்குகிறது. பார்மகளும் நாமகளும் பல்லாண்டு பாடட்டும், கங்கை வந்து கவரி வீசட்டும். கலியாண வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு வேலை ஏவுவது போல இருந்தது. பிறகுதான் எடுத்து வாசித்துப் பார்த்தேன். மாணிக்கவாசகர் தில்லையில் பாடியது. இறைவன் நீராடுவதற்கு வாசனைப்பொடி இடிக்கிற பெண்களின் பாட்டு. 20 பாட்டு, ஒவ்வொன்றும் "சுண்ணம் இடித்தும் நாமே" என்று முடியும். கூட்டமாகச் சேர்ந்து செய்கிற வேலையின் உற்சாகம் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது.

என் அப்பா ஊரில் ஆருடைய கலியாணம் என்றாலும் முதல்நாளே போய் நிற்கிறவர். பந்தல் போடுவார், வாழை கட்டுவார், தோரணம் பின்னுவார், இரவிரவாக நின்று சமையலுக்கு விறகு பார்ப்பார். தன் வீட்டுக் காரியமாக இருந்தாலும் பின்னுக்குத்தான் நிற்பார். அவருக்காக இப்போது ஆரோ தோரணம் கட்டுகிறார்கள், விளக்கு வைக்கிறார்கள், எல்லாரையும் வா வா என்று கூப்பிடுகிறார்கள் என்று பட்டது. அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. உலக்கை விழும் சத்தம்தான் தாளம். தம்பி இடிப்பதை நிறுத்திவிட்டான். பெரிய மாமி வந்து அவன் கையிலிருந்து உலக்கையை வாங்கி இடித்தா. பாட்டு நிற்கவில்லை.

துக்கமான ஒரு பாட்டு அன்று எனக்கு இதைச் செய்திருக்காது. என்னை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மண்டபத்தில் இருந்த இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அச்சடிக்கிறோம். அப்பாவின் வம்சாவளி, கவிதைகள், தேவாரம் எல்லாம் போடுகிறோம். அதில் பொற்சுண்ணத்தின் பொருளை எளிய தமிழில் ஒரு பக்கம் போடலாமே. நாங்கள் போட்டோம்.

கரிசல்மண்:

எங்க அப்பத்தா ஊரில் எந்த இழவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதலில் கூப்பிடுகிற ஆள். அவர் பாடுவதைக் கேட்டுப் பல பெண்கள் தங்கள் வீட்டில் எப்போதோ போனவர்களை நினைத்து அழுவார்கள். செத்தவர் யாரென்றே தெரியாத வெளியூர்க்காரிகள்கூட.

ஆனால் நான் அழுதது ஒப்பாரிக்கு இல்லை. என் மகள் பிறந்து தொட்டிலில் போட்டிருந்தோம். அம்மா தாலாட்டுப் பாடினார். மாமன் கொண்டுவரும் சீர், அத்தை அடித்த மல்லிகைச் செண்டு, எல்லாரும் பாடுவதுதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அப்பத்தா செத்த அன்று அம்மா பாடிய ஒப்பாரியின் மெட்டு அது. இழுப்பும் ஏற்ற இறக்கமும் அப்படியே இருந்தன, வேகம் மட்டும்தான் மாறியிருந்தது. அப்பத்தாவிடமிருந்து அம்மாவுக்கு வந்த குரலே அந்த ஒன்றுதான் போல. பிள்ளை தூங்கிவிட்டது. நான் கொல்லைப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆரபி:

வீணை கற்றுக்கொடுக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். முகாரி ராகம் என்றால் அழுகை என்று நம் பேச்சிலேயே ஊறிப் போயிருக்கிறது. யாராவது புலம்பினால் முகாரி பாடாதே என்கிறோம். ஆனால் தியாகராஜர் ராமன் அயோத்தியை ஆண்ட நேர்த்தியை "காருபாரு" என்று அதே முகாரியில்தான் பாடினார். சபரி பெற்ற பேற்றை வியக்கும் "எந்தனினே"யும் முகாரி. துக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. என் மாணவி ஒருத்தி, கல்லூரியில் படிக்கிற பெண், காருபாரு வாசித்துக்கொண்டிருந்தவள் அழுதாள். தெலுங்கு தெரியாது, அர்த்தமும் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. எங்கே அழுகை வந்தது என்று கேட்டதற்குக் கம்பியைக் காட்டினாள். இறங்கி வரும்போது தைவதத்திலிருந்து பஞ்சமத்துக்கு, அதாவது 'த'விலிருந்து 'ப'வுக்கு, வருகிற இடம்.

முகாரியில் ஏறும்போது வருவது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். மேலே போகும்போது கேட்ட சுரம் திரும்பும்போது அதே உயரத்தில் இல்லை, கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்ந்த சுரம் பஞ்சமத்தின் மேல் சாய்ந்து, தயங்கி, பிறகு அமரும். ஜான் ஸ்லோபோடா என்ற ஆங்கிலேய இசை உளவியலாளர் 1991-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கேட்பவர்களையே பாட்டில் எந்த இடம் என்று குறிக்கச் சொன்னார். மேல்நாட்டு இசையில் கண்ணீர் வந்ததாகக் குறித்த இடங்களில் பல, இப்படி ஒட்டாத ஒரு சுரம் சாய்ந்து நின்று பக்கத்துச் சுரத்தில் இறங்குகிற இடங்கள். மயிர்க்கூச்செறிந்த இடங்கள் வேறு மாதிரி, எதிர்பாராத திருப்பங்கள். நாம் சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகத்தை அவர் ஆராயவில்லை. ஆனாலும் அந்தப் பெண் கம்பியைக் காட்டிய இடம் எனக்கு அதைத்தான் நினைவுபடுத்தியது.

பனங்கூடல் சொன்னதற்கு இந்த விளக்கம் போதாது என்று எனக்குத் தெரிகிறது. அப்பாவின் தோரணத்தைச் சுரத்தில் தேட முடியாது.

செய்யாற்றங்கரை:

தலைப்புக்கு இது பொருந்தாது, முழுச் சோகம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் சாவு நடந்த வீட்டில் காரியத்தை ஒட்டி ராத்திரி முழுக்கக் கூத்து விடுவது பல ஊர்களில் உண்டு. பெரும்பாலும் கர்ண மோட்சம். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறுகிற கட்டம் வரும்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். ஹார்மோனியம், மிருதங்கம், தாளம் எல்லாவற்றுக்கும் மேலே முகவீணை ஒற்றையாக ஏறும். வீணை இல்லை, ஊதுகிற சின்ன வாத்தியம், ஆனால் அந்தச் சத்தத்துக்கு முன்னால் தூக்கம் நிற்காது.

எங்கள் தெருவில் ஒருவருக்கு அண்ணன் இறந்தார். வரப்புத் தகராறில் ரெண்டு பேருக்கும் நெடுநாளாகப் பேச்சில்லை. எடுக்கிற அன்றும் தள்ளித்தான் நின்றார், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஊரே பேசியது. காரியத்துக்குக் கர்ண மோட்சம். விடிகிற நேரம், தேர் மண்ணில் புதைந்து கர்ணன் விழுகிறான். அடித்தது தம்பி. அண்ணன் என்று தெரியாமலே அடித்த தம்பி. கர்ணன் வேஷக்காரர் பாடிக்கொண்டே தரையில் சாய்ந்ததும் இவர் கூட்டத்திலிருந்து எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். வேஷக்காரர் பாட்டை நிறுத்தவில்லை. அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, அவர் அழுது முடிக்கிற வரைக்கும் கூத்தைப் பிடித்து வைத்திருந்தார். பின்பாட்டுக்காரர்களும் புரிந்துகொண்டு கூடவே பாடினார்கள். அந்த வாத்தியார் எத்தனை பெரிய கலைஞர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வடக்குவீதி:

பொருந்தாது என்று யார் சொன்னது, அண்ணே. அவர் பாட்டை நீட்டினார் என்கிறீர்களே, நாம் கவனிக்காமல் விடுவது அதைத்தான். கேட்கிறவன் அழுகையைப் பற்றியே பேசுகிறோம். வாசிக்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது? இங்கே பாடுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி:

நான் லண்டனில் செத்தவீடுகளில் திருமுறை பாடுகிறவன். வடக்குவீதி தம்பி கேட்டதற்குச் சொல்கிறேன். பாடுகிறவர் அழுதால் பாட்டு நின்றுவிடும். அழுகை வரும்போது தொண்டை திறந்துகொள்ளப் பார்க்கும், விழுங்கினால் மூடப் பார்க்கும். அந்த இழுபறியில்தான் அடைப்பது போல இருக்கிறது. குரல் முதலில் மேல் சுரத்தில் உடையும். அதனால் சுருதியை அரைக் கட்டை இறக்கி வைத்துக்கொள்வேன். முன்வரிசையைப் பார்க்க மாட்டேன், உலக்கையைப் பார்ப்பேன். எனக்குப் பழக்கிய ஐயா சொல்லித் தந்தது, மூச்சை ஒவ்வோர் அடியின் நடுவிலும் எடு, முடிவில் எடுக்காதே என்று. முடிவில் நின்றால் மற்றவர்களின் அழுகை காதில் விழும்.

இவ்வளவும் தெரிந்தும் ஒரு தடவை முடியவில்லை. சின்னப்பிள்ளை ஒன்றின் செத்தவீடு. பிள்ளைகளுக்குச் சுண்ணம் இடிப்பதில்லை, சிவபுராணம் மட்டும் பாடச் சொன்னார்கள். நடுவில் குரல் போய்விட்டது. நான் வாயை மூடியதும் பின்வரிசையில் யாரோ ஒரு அம்மா விட்ட இடத்திலிருந்து எடுத்தா. அவவோடு பக்கத்தில் இருந்தவர்கள், பிறகு மண்டபம் முழுக்க. பாதிப் பேருக்குச் சுருதி சேரவில்லை. நான் கேட்ட சிவபுராணங்களில் அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல மாட்டேன்.

பனங்கூடல் தங்கச்சி, கல்வெட்டில் பொருள் போட்டது மிக நல்ல வேலை. அந்தப் பக்கத்தை இங்கேயும் பகிருங்கோ, நான் போகிற இடங்களில் கொடுக்கிறேன். இன்னொன்று, நேரம் போதாமல் நாங்கள் 20 பாட்டையும் பாடுவது அரிது, இரண்டு மூன்றோடு நிறுத்திவிடுகிறோம். முழுவதையும் ஒருக்கால் வீட்டில் பாடிப் பாருங்கோ. தனியாகப் பழக வேண்டாம், இரண்டு பேராக, மாறி மாறி. ஒருவருக்குக் குரல் அடைத்தால் மற்றவர் எடுக்கலாம்.