முதிய ஆமையை நோவின்றி வழியனுப்ப உதவி தேவை

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுத் தொட்டியில் நெடுங்காலமாக வளரும் சிவப்புக்காது ஆமை, முதுமையால் இரையைத் தொடாமலும் மூச்சுவிடத் தலையை உயர்த்த இயலாமலும் தளர்ந்துவிட்டதால், அதற்கு நோவற்ற முடிவைத் தர வீட்டார் அனைவரும் மனமின்றியே இசைந்துள்ளோம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உறக்கத்திலேயே இறந்துவிடும் என்று சிலர் கூறுவதை நான் ஏற்கவில்லை. ஒட்சிசன் குறைந்தாலும் ஆமையின் மூளை நெடுநேரம் உயிர்ப்புடன் இருக்கக்கூடியதாகையால், முதலில் மயக்கமருந்து கொடுத்து, பின்னர் ஊசி ஏற்றி, இறப்பைக் கவனமாக உறுதிசெய்வதே முறை. பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைவரை கொண்டுசெல்வது, இந்த நிலையில், கூடுதல் வதை. திருகோணமலையிலோ கந்தளாயிலோ ஊர்வனவற்றுக்குச் சிகிச்சையளித்த அனுபவமுள்ள, இயலுமாயின் வீட்டுக்கே வரக்கூடிய, கால்நடை வைத்தியரை அறிந்தவர்கள் தயவுசெய்து விரைவில் தெரிவியுங்கள்.