நான்கு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரப் பயணம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

சிட்டுக்குருவி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பகுதி நேர வேலை ஒன்று வந்திருக்கிறது. தினமும் நான்கு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை, மனசுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அலுவலகம் ஒரு கோடி, வீடு ஒரு கோடி. வாசலைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் அங்கே போய் உட்கார ஒன்றரை மணி நேரம், திரும்பி வரவும் அதே அளவு. பெரியவள் பள்ளிக்குப் போகிறாள், சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. "பாதி நாள்தானே, போய்ட்டு வந்துடலாம்" என்கிறார்கள் சிலர், "இந்தச் சம்பளத்துக்கு இந்த அலைச்சலா" என்கிறார்கள் சிலர். யாருமே பிள்ளையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போய் வந்தவர்கள் இல்லை. அப்படிப் போனவர்கள் இங்கே இருந்தால், உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்லுங்களேன்.

நீலவானம்:
நான் போனேன் தோழி, என் மகள் ஆரம்பப் பள்ளியில் இருந்த காலம் முழுக்க. குறைவது வேலை நேரம்தான், தூரம் குறையாது. முழு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் அதே பஸ், அதே நெரிசல். நான்கு மணி நேரம் வேலை பார்க்க ஏழு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருப்பேன். குழந்தைகள் காப்பகத்தில் பணம் வாங்குவதும் அந்த ஏழு மணி நேரத்துக்குத்தான், நாம் சம்பளம் வாங்கும் நான்குக்கு இல்லை. இதை முதலில் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட என்னை உலுக்கியது வேறு. ஒரு நாள் பள்ளியில் இருந்து போன், "காய்ச்சல் அடிக்குது, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று. பக்கத்தில் வேலை என்றால் கால் மணி நேரத்தில் போயிருப்பேன். நான் கிளம்பி, வண்டி பிடித்து, பாதி வழியில் இறங்கி அடுத்த வண்டிக்காக நின்று, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அலுவலக அறைக்கு வெளியே ஒரு நாற்காலியில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கினால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது, கன்னத்தில் பையின் ஜிப் அழுந்திய தடம் வரிவரியாக இருந்தது. அந்த வாரமே பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருந்த இன்னொரு பிள்ளையின் அம்மாவிடம் பேசி, அவசரம் என்றால் அவர் வந்து கூட்டிப் போகலாம் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்தேன். அவர் இல்லாவிட்டால் நான் அந்த வேலையில் நீடித்திருக்கவே முடியாது. உங்களுக்கு அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மாலைத்தூறல்:
எனக்குச் சரிப்படவில்லை அக்கா. மூன்று வண்டி ஏறி இறங்கணும். சின்னவள் அப்போது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது மார்பு கட்டிக்கொண்டு, நெரிசலில் யார் கை முழங்கை பட்டாலும் உயிர் போகிற வலி. அலுவலகத்தில் பாலை எடுத்து வைக்க ஒரு தனி அறைகூட இல்லை. விட்டுவிட்டேன். உங்கள் மகனும் இன்னும் பால் குடிக்கிறான் என்றால் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

படிக்கட்டு:
நான் அப்பா. மனைவிக்கு இரவுப் பணியும் உண்டு என்பதால் பிள்ளைகளைக் கவனிப்பது பெரும்பாலும் நான்தான். எனக்கும் இதே தூரம், இதே மாதிரி வேலை. போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த இருபது மணி நேரத்தை வாரத்தில் எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள் சகோதரி. என் அனுபவத்தில் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஐந்து நாள் நான்கு மணி நேரம் என்றால் வேலை 20 மணி, பயணம் 15 மணி, ஆக வாரத்தில் 35 மணி நேரம் வெளியே. அதே 20 மணி நேரத்தை மூன்று நாளில் முடித்தால் பயணம் 9 மணிதான், மொத்தம் 29. ஆறு மணி நேரம் மிச்சம், போக்குவரத்துச் செலவிலும் ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. மணிக்கு 100 என்று சம்பளம் வைத்துக்கொண்டால், வெளியே இருக்கும் நேரத்துக்கெல்லாம் சேர்த்து வகுத்துப் பார்க்க முதல் ஏற்பாட்டில் கைக்கு நிற்பது 57, இரண்டாவதில் 69. இதில் பயணச் செலவும் காப்பகக் கட்டணமும் இன்னும் கழிக்கவில்லை.

நான் மூன்று நாள் கேட்டு வாங்கினேன். அந்த மூன்று நாளும் கனமான நாள், பொய் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் தூங்கப் போகிற நேரத்துக்குத்தான் வீடு வருவேன். ஆனால் மற்ற இரண்டு நாளும் முழுசாக என் கையில். தடுப்பூசி, பள்ளிக் கூட்டம், பல் வைத்தியர் எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளில் போட்டுக்கொண்டேன். தினமும் பாதி நாள் என்று போனபோது எந்த நாளும் எதற்கும் உதவவில்லை, வந்து சேரும்போதே மாலை ஆகிவிடும். காப்பகம் நாள் கணக்கில் பணம் வாங்குகிறதா மாதக் கணக்கிலா என்பதை மட்டும் விசாரித்துவிடுங்கள். சில இடங்களில் மூன்று நாள் விட்டாலும் முழு மாதத்துக்கும் கட்டச் சொல்வார்கள்.

இன்னொன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1994இல் பகுதி நேர வேலை பற்றி 175ஆம் உடன்படிக்கை என்று ஒன்று கொண்டுவந்தது. பகுதி நேரம் என்ற ஒரே காரணத்துக்காக, அதே மாதிரி வேலை பார்க்கும் முழு நேரக்காரரைவிட மணிக் கணக்கில் குறைந்த அடிப்படைச் சம்பளம் தரக்கூடாது என்கிறது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. இருந்தாலும் பேரம் பேசும்போது மணிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்பதில் தப்பே இல்லை. வீட்டில் இருந்து வந்துபோகிற நேரத்துக்குப் பொதுவாக யாரும் சம்பளம் தருவதில்லை, அதனால் மணிக் கூலியிலாவது விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜன்னலோரம்:
நான் மறுபக்கம் பேசுகிறேன், எனக்கு அந்த வேலை வாழ்க்கையையே திருப்பிக் கொடுத்தது. பிள்ளை பிறந்து சில வருஷம் வீட்டோடு இருந்த பிறகு, "நடுவில் ஏன் இடைவெளி" என்று கேட்காத நேர்காணலே இல்லை. தூரமாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டேன். மகன் முழு நாள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் அதே இடத்தில் முழு நேரமாக மாற்றிக் கொடுத்தார்கள். வெளியே இருந்து தேடியிருந்தால் அந்தப் பதவி கிடைத்தே இருக்காது.

பயணம் எல்லோருக்கும் வெறுப்புத்தான் என்பது தெரியும். டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளை ஒவ்வொரு பகுதியாக நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். எதைச் செய்தபோது மனம் எப்படி இருந்தது என்று பார்த்தால் வேலைக்குப் போய்வரும் பயணம்தான் அடிமட்டத்தில். அதே பட்டியலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுகூடச் சமையலுக்கும் கீழேதான் இருந்தது. வீட்டில் முழு நாளும் குழந்தையோடு இருந்து களைத்துப்போகும் அம்மாக்கள் தங்களைக் குற்றவாளி மாதிரி நினைத்துக்கொள்கிறார்களே, அவர்களுக்கு நான் இதைச் சொல்லாமல் இருப்பதே இல்லை.

ஆனால் என்னுடையது ஒரே ரயில், ஏறுகிற இடத்திலேயே வண்டி புறப்படும், அதனால் உட்கார இடம் நிச்சயம். ஒரு சான்றிதழ் படிப்பையே அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் முடித்தேன். நின்றுகொண்டோ, வண்டி மாறி மாறியோ, தானே ஓட்டிக்கொண்டோ போகிற ஒன்றரை மணி நேரமும் இதுவும் ஒன்றாகாது. மாலைத்தூறல் சொன்ன மூன்று வண்டி எனக்கு இருந்திருந்தால் நானும் வேலையை விட்டிருப்பேன்.

சிட்டுக்குருவி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எனக்கு இரண்டு வண்டி, முதலாவதில் உட்கார முடியும், இரண்டாவதில் முடியாது. படிக்கட்டு அண்ணா சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மூன்று நாள் தர முடியுமா என்று கேட்டேன். "வந்து சேருங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார்கள்.

நீலவானம்:
சேர்ந்த பிறகு பேசுவது வேண்டாம் தோழி, இப்போதே எழுத்தில் வாங்குங்கள். எனக்கும் ஒரு கட்டத்தில் நான்கு நாள் என்று வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டார்கள். மேலாளர் மாறினார், புதிதாக வந்தவர் "அப்படி எதுவும் பதிவில் இல்லையே" என்று மறுபடி ஐந்து நாள் வரச் சொல்லிவிட்டார். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு விடுவார்கள், கடைசி நேரத்தில் கூட்டம் வைத்தால் கிளம்பலாமா, எல்லாம் நியமனக் கடிதத்தில் இருக்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை நாளில், ஞாயிற்றுக்கிழமை இல்லை, அதே நேரத்துக்குக் கிளம்பி ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். முக்கியமாக வேலை முடிகிற நேரத்துக்கு அங்கிருந்து திரும்பிப் பாருங்கள். போகும்போது ஒன்றரை மணி நேரம் என்றால் வரும்போதும் அதேதான் என்று எந்த வண்டியும் எழுதிக் கொடுப்பதில்லை, காப்பகம் மூடுகிற நேரமோ மாறாது.