மூட்டையாக வாங்கினால் நிஜமாகவே மிச்சமா?

செந்தூல்_ஏழாம்மாடி:
நாத்தனார் நியூ ஜெர்சியில் இருக்கிறார். போன் போட்டாலே காஸ்ட்கோ என்கிற மொத்த விலைக் கடைப் புராணம்தான். வருசத்துக்கு 65 டாலர் கட்டி கார்டு எடுக்கணுமாம், வெளியே வரும்போது வாசலில் ரசீதை வாங்கிப் பார்த்துக் கோடு கிழிப்பார்களாம். ஹாட் டாக் 1985லிருந்து ஒன்றரை டாலர்தானாம், அதை மட்டும் நூறு தடவை கேட்டாச்சு.

எனக்கும் ஆசை வந்து, போன மாசம் மொத்த விலைக் கடையில் துவரம்பருப்பு அஞ்சு கிலோ மூட்டை ரெண்டு வாங்கினேன். வீட்டில் நாலே பேர். அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் வேறு படுத்துக்கொண்டது. மூணாவது வாரம் டின்னைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் வண்டு ஊர்கிறது, அடியில் மாவாகக் கொட்டிக் கிடக்கிறது. மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. முறத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கே மலேசியாவில் அந்த மாதிரி கார்டு கடை இருக்கிறதா? நமக்குக் கட்டுப்படியாகுமா?

பழைய_மளிகைக்காரன்:
இருந்தது தங்கச்சி, மாக்ரோ. 1990களில் ஓகோவென்று ஓடியது. எங்களை மாதிரி கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் கார்டு. வாரம் ஒரு நாள் செராஸ் கிளைக்கு வேன் எடுப்பேன். கார்டு என் பேரில், ஆனால் வேனில் எதிர்வீடு, பக்கத்துவீடு, கோயில் கமிட்டி என்று ஒரு பட்டாளமே ஏறிவிடும். 2007இல் டெஸ்கோ அதை வாங்கியது, அதுவும் இப்போது லோட்டஸ் ஆகிவிட்டது. காஸ்ட்கோ இந்தப் பக்கம் வரவே இல்லை.

பத்து கிலோ பருப்பு என் கடையில் ரெண்டு நாள் தாங்காது. நாலு பேர் வீட்டில் மாசக்கணக்கில் கிடந்தால், நம்ம ஊர் ஈரத்துக்கு வண்டு வராமல் என்ன செய்யும்?

கெப்போங்_மீனா:
அக்கா, பிரிக்காத மூட்டை இருந்தால் ஒரு கிலோ ஒரு கிலோவாகப் பையில் கட்டி நாலு நாள் ஃப்ரீசரில் போடுங்கள், முட்டை செத்துவிடும். எடுத்ததும் பிரிக்காதீர்கள், குளிர் போகட்டும். இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும்.

மூட்டைக்கு ஏற்றது சவர்க்காரத்தூள், டிஷ்யூ, பம்பர்ஸ்தான். எண்ணெயில் மட்டும் கணக்கு தலைகீழ். அரசாங்க மானிய பாக்கெட் கிலோ 2.50 வெள்ளி (ரிங்கிட்), அஞ்சு கிலோ போத்தலில் அதே ஒரு கிலோ ரெண்டு மடங்குக்கும் மேலே போகிறது. பாக்கெட் கிடைக்கிற நாளில் கிடைக்கும், அது வேறு கதை. கடையில் பெரிய எழுத்து விலையை விடுங்கள், கீழே பொடி எழுத்தில் கிலோ விலை போட்டிருந்தால் அதைப் படியுங்கள்.

செந்தூல்_ஏழாம்மாடி:
நல்லவேளை, ரெண்டாவது மூட்டை பிரிக்கவில்லை. மீனைத் தள்ளிவிட்டு ரெண்டு கிலோவை ஃப்ரீசரில் திணித்தேன். மீதி மூணு கிலோவைக் கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா கெண்டூரி விருந்துக்கு என்று வாங்கிக்கொண்டார். காசும் கொடுத்து, ஒரு தூக்குச்சட்டி டால்ச்சா பருப்புக் குழம்பும் கொடுத்தனுப்பினார். மாமியார் ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். முறம் மட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.