பாறைக்காட்டில் முயலுக்கும் கௌதாரிக்கும் கொஞ்சம் மேய்ச்சல்

சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்கு 30 சென்ட் இருக்கிறது, முழுக்கப் பாறையும் முள்ளும், நடுநடுவே உசிலை மரம். கலப்பை இறங்காத இடம். முயலும் கௌதாரியும் வந்து மேய அதில் ஏதாவது வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முதல் தடவை புரட்டாசிக் கடைசியில் முயல் மசால் என்ற தீவனச் செடியின் விதையை அப்படியே கைவீச்சாகத் தூவினேன். ரெண்டே நாளில் கொட்டிய மழையில் பாதி ஓடையோடு போய்விட்டது, மீதியும் சரியாக முளைக்கவில்லை. அந்த விதைக்குத் தோல் கெட்டி.

அடுத்த வருஷம் 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து விதைத்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிடாதீர்கள், வெந்துவிடும்.

இடம் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மழை விட்ட மறுநாள் நடந்து பார்த்தால், பாறைகளின் மேட்டுப்பக்கம் மண்ணும் சருகும் ஒதுங்கி ஈரம் நிற்பது தெரியும். அங்கே கடப்பாரை ஒரு சாண் இறங்கினால் போதும். சரிவுக்குக் குறுக்கே, அங்கேயே கிடந்த கற்களை அரைவட்டமாக அடுக்கி, களைக்கொத்தால் மேலாகக் கீறி, முயல் மசாலையும் கொழுக்கட்டைப் புல்லையும் செம்மண்ணோடு கலந்து போட்டேன். நிழலில் இரண்டும் தேறாது, அதனால் உசிலையில் தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்தேன். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினேன், ஆனால் சூரைப் புதரையும் காரையையும் தொடவில்லை. ஒளிந்துகொள்ளப் பக்கத்தில் புதர் இல்லையென்றால் முயல் வெட்டவெளிக்கு வரவே வராது. கழித்த கிளைகளையும் பிடுங்கிய உண்ணிச்செடியையும் ஆடு நுழையாதபடி சுற்றிப் போட்டேன், கீழே முயல் புகுமளவு சந்து விட்டு.

முதல் வருஷம் மசால் மெதுவாகத்தான் வளரும், மனம் விட்டுவிடக் கூடாது. அப்புறம் தானே விதை கொட்டி முளைத்துக்கொள்கிறது. போன மார்கழியில் ஒரு காலை குனிந்து பார்த்தேன், தண்டுகள் அரிவாளால் சீவியதுபோலச் சாய்வாக அறுபட்டிருந்தன, பக்கத்தில் கொண்டைக்கடலை அளவில் உருண்டைப் புழுக்கை! கண் கலங்கிவிட்டது. கண்ணி வைக்கலாமா என்று ஊரில் ரெண்டு பேர் கேட்டார்கள். முயல் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அது ஒருபுறம் இருக்கட்டும், என் புல்லை நம்பி வந்ததைப் பிடிக்கக் கொடுப்பேனா?

மறுமொழி:
அண்ணா, நாங்கள் ஜவ்வாது மலைப்பக்கம். நான் முதலில் மக்காச்சோளம் போட்டுத் தப்பு செய்துவிட்டேன். அதைத் தேடி வந்த காட்டுப்பன்றி பக்கத்துக் காட்டுக் கடலையையும் கிளறிவிட்டது, அந்தக் காட்டுக்காரப் பெரியம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது கல் இடுக்கில் சாமை மட்டும்தான், கொஞ்சம் கதிரை அறுக்காமல் விட்டுவிடுவேன். சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து தாளையே வளைத்து உட்காரும்.

மறுமொழி:
சரியாகச் சொன்னாய் அம்மா, சோளம், கடலை, கிழங்கு எதுவும் வேண்டவே வேண்டாம். சாமை எங்கள் சரிவில் வருமா? ஆடிக்குள் உன்னிடம் ஒரு படி விதை கிடைக்குமா?